துரத்தும் போலீஸைத் திருப்பத்தில் வெல்வது: பிரவுசரில் முடிவில்லாத கார் துரத்தல் விளையாட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டிசம்பர் விடுமுறைக்கு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வர்த் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அக்கா மகன் வந்திருந்தான். வயது பதினொன்று. டர்பனில் அந்த மாதம் ஒரு மணி நேரம் வெயில் காய்ந்தால் அடுத்த மணி நேரம் மழை கொட்டும். அதனால் மத்தியானம் முழுக்க லேப்டாப்பில் ஒரே விளையாட்டு. மேலேயிருந்து பார்ப்பதுபோல ஒரு சின்ன கார், அதைத் துரத்தும் போலீஸ் வண்டிகள். பிடிபடும்வரை ஓட வேண்டும், அவ்வளவுதான். "மாமா, இருபது செகண்டுக்கு மேல தாண்டவே மாட்டேங்குது" என்று வந்து நின்றான். நானும் உட்கார்ந்தேன். மூன்று வாரம் மாறி மாறி ஆடினோம். ஒவ்வொரு ஆட்டமும் எதனால் முடிந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தோம். இங்கே நான் சொல்லப்போவதெல்லாம் அந்த நோட்டிலிருந்து வந்ததுதான்.

நோட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தபோதே ஒன்று புரிந்தது. எங்களைப் போலீஸ் பிடித்தது குறைவு. மரத்தில், சுவரில், பாறையில் நாங்களே போய் மோதியதுதான் அதிகம். பின்னால் வருவதையே பார்த்துக்கொண்டு, முன்னால் இருப்பதை விட்டுவிட்டோம். அப்புறம் இன்னொன்றும் புரிந்தது. போலீஸ் வண்டிகள் நம் வண்டியைவிட வேகமானவை, நேராக ஓடித் தப்பிக்க முடியாது. அவற்றை நம் திருப்பத்துக்குள் இழுத்து, ஒன்றையொன்று மோத வைக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இதற்காகத்தான்.

முதல் படி: இது எந்த வகை விளையாட்டு?

பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இவற்றில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் ஒரு மோதலோடு ஆட்டம் முடிந்துவிடும். இரண்டாவது வகையில் இடித்தாலும் வண்டி ஓடும். போலீஸ் சூழ்ந்துகொண்டு, நீங்கள் சில விநாடிகள் நகர முடியாமல் நின்றால்தான் பிடிபட்டதாகக் கணக்கு. முதல் ஆட்டத்திலேயே வேண்டுமென்றே ஒரு வேலியில் உரசிப் பாருங்கள். ஒரு ஆட்டம் போனால் போகட்டும், அந்த ஒரு உரசலில் வகை தெரிந்துவிடும்.

மோதினால் முடியும் வகையில் உங்களைச் சுற்றி எப்போதும் வெற்றிடம் இருக்க வேண்டும். பணமோ பரிசோ எது கிடந்தாலும் இடுக்கான சந்துக்குள் போகாதீர்கள். இரண்டாவது வகையில் நின்றுவிடாமல் இருப்பதுதான் முக்கியம். சுவரில் சிக்கியதும் முன்பக்கமாகவே முட்டிக்கொண்டிருக்காமல் உடனே பின்னால் எடுங்கள். அதற்கென்று தனி விசை இல்லாத விளையாட்டுகளும் உண்டு. அவற்றில் இடது, வலது இரண்டையும் ஒன்றாக அழுத்திப் பாருங்கள். சிலவற்றில் வண்டி பின்னால் போகும், சிலவற்றில் பிரேக் பிடிக்கும்.

இரண்டாவது படி: கணினியைத் தயார் செய்யுங்கள்

இதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எங்களுக்கு முதல் பெரிய முன்னேற்றம் இதில்தான் கிடைத்தது.

சாதாரணத் திரையில் விநாடிக்கு 60 படங்கள் ஓடும். அப்படியென்றால் ஒரு படத்துக்கு ஏறக்குறைய 17 மில்லி விநாடி. கணினி திணறி விநாடிக்கு 20 படமாகக் குறைந்தால், ஒவ்வொரு படத்துக்கும் 50 மில்லி விநாடி ஆகும். அந்த இடைவெளியில் கார் ஒரு தாவல் தாவி நிற்கும். நீங்கள் சரியான நேரத்தில் விசையை அழுத்தியிருப்பீர்கள், ஆனாலும் மரத்தில் மோதியிருப்பீர்கள். தவறு கையில் இல்லை.

இதைச் சரிசெய்ய முதலில் மற்ற டேப்களை மூடுங்கள், முக்கியமாக வீடியோ ஓடும் டேப்களை. அடுத்து பிரவுசரின் செட்டிங்ஸில் கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன் அல்லது ஹார்டுவேர் ஆக்சிலரேஷன் என்று ஒரு தேர்வு இருக்கும். குரோமில் அது சிஸ்டம் பகுதியிலும், பயர்பாக்ஸில் பொதுப் பகுதியில் பெர்ஃபார்மன்ஸ் என்ற தலைப்பின் கீழும் இருக்கும். அது அணைந்திருந்தால் படம் வரையும் வேலை முழுவதும் பிராசசரின் தலையில் விழும். அதைப் போட்டுவிட்டு பிரவுசரை மூடித் திறங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைச் செருகியே ஆடுங்கள், ஏனென்றால் பேட்டரி சேமிப்பு நிலையில் பல லேப்டாப்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கடைசியாக, கன்ட்ரோல் விசையோடு பூஜ்யத்தை அழுத்தினால் பக்கம் நூறு சதவீத அளவுக்கு வரும். விண்டோஸில் எஃப் 11 அழுத்தினால் முழுத் திரை. திரையில் எவ்வளவு தூரம் தெரிகிறதோ, அவ்வளவு முன்கூட்டியே ஆபத்து கண்ணில் படும்.

மூன்றாவது படி: தளம், டேட்டா, மின்வெட்டு

என் வயதுக்காரர்கள் இந்த மாதிரி விளையாட்டுகளை ஃப்ளாஷ் என்ற, பிரவுசரோடு சேர்ந்து ஓடும் பழைய மென்பொருளில் ஆடி வளர்ந்தவர்கள். அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஃப்ளாஷ் பிளேயரைக் கைவிட்டுவிட்டது. இன்றைய விளையாட்டுகள் எச்டிஎம்எல்5, வெப்ஜிஎல் என்று பிரவுசருக்குள்ளேயே இருக்கும் தொழில்நுட்பத்தில் ஓடுகின்றன, தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஆகவே ஏதாவது ஒரு தளம் "விளையாட ஃப்ளாஷ் பிளேயரை இறக்குங்கள்" என்றோ "இந்த ஃபைலைத் திறங்கள்" என்றோ கேட்டால் உடனே மூடிவிடுங்கள். அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். விளையாட்டுக்குப் பக்கத்திலேயே பெரிய பச்சை நிறத்தில் "ஸ்டார்ட்" என்று விளம்பரம் வைத்திருப்பார்கள். உண்மையான தொடக்கப் பொத்தான் விளையாட்டுக் கட்டத்துக்குள்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை உட்கார்ந்து காட்டிக்கொடுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் ஃபைபர் இணைய இணைப்பு இல்லாத வீடுகளில் டேட்டாவை ஒவ்வொரு மெகாபைட்டாக எண்ணித்தான் செலவழிக்கிறோம். எஃப் 12 அழுத்தி, நெட்வொர்க் என்ற பகுதியைத் திறந்துவைத்துவிட்டு விளையாட்டைத் தொடங்குங்கள். மொத்தம் எவ்வளவு இறங்கியது என்று கீழ் ஓரத்தில் காட்டும். முதல் தடவைதான் அதிகம் இறங்கும். அதன்பின் பெரும்பகுதியை பிரவுசர் தன்னிடமே வைத்திருக்கும், விளம்பரங்கள்தான் மறுபடி மறுபடி வரும்.

2023இல் லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது நான் கற்றுக்கொண்டது ஒன்று. ஒருவர் மட்டும் ஆடும் இந்த வகை விளையாட்டு ஒருமுறை முழுதாக ஏறிவிட்டால், ஓடுவது உங்கள் கணினிக்குள்தான். மின்சாரம் போய் வைஃபை ரவுட்டர் அணைந்தாலும் லேப்டாப் பேட்டரியில் ஆட்டம் தொடரும். பக்கத்தை மட்டும் ரீலோட் செய்துவிடாதீர்கள், செய்தால் இணையம் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். மின்வெட்டு ஆறு மணிக்கு என்றால் ஐந்து ஐம்பதுக்கே விளையாட்டை ஏற்றி வைத்துவிடுவோம்.

நான்காவது படி: விரல்கள்

விளையாட்டு ஏறியதும் அதன் கட்டத்துக்குள் ஒருமுறை கிளிக் செய்யுங்கள். செய்யாவிட்டால் அம்புக்குறி விசையை அழுத்தும்போது கார் அப்படியே போகும், பக்கம்தான் மேலும் கீழும் நகரும். எங்கள் நோட்டில் இந்தக் காரணத்தால் முடிந்த ஆட்டங்களும் இருக்கின்றன.

பெரும்பாலும் ஆக்சிலரேட்டர் கிடையாது, கார் தானாகவே ஓடும். உங்கள் கையில் இருப்பது இடது, வலது மட்டும். ஏ, டி விசைகளும் அநேகமாக வேலை செய்யும். இரண்டுக்கும் இரண்டு கைகளை வையுங்கள். ஒரே கையின் இரண்டு விரல்களைவிட இரண்டு கைகளின் ஆள்காட்டி விரல்கள் சீராக வேலை செய்கின்றன. போனில் ஆடினால் திரையின் இடது பாதியைத் தொட்டால் இடது, வலது பாதியைத் தொட்டால் வலது. பெருவிரல்களைத் திரையின் கீழ் மூலைகளிலேயே வையுங்கள், இல்லாவிட்டால் விரலே பாதையை மறைத்துவிடும்.

அடுத்து, தட்டுவது வேறு, அழுத்திப் பிடிப்பது வேறு. பாதையைக் கொஞ்சம் சரிசெய்ய சின்னதாகத் தட்டுங்கள். போலீஸை ஏமாற்ற மட்டும் அழுத்திப் பிடியுங்கள். புதிதாக ஆடுபவர்கள் எல்லாவற்றுக்கும் அழுத்திப் பிடிப்பார்கள். கார் தேவைக்கு மேல் திரும்பும், அதைச் சரிசெய்ய எதிர்ப்பக்கம் பிடிப்பார்கள், இப்படியே பாம்பு மாதிரி நெளிந்து மரத்தில் போய் முடியும்.

ஐந்தாவது படி: வட்டம் போடப் பழகுங்கள்

முதல் பத்து ஆட்டங்களுக்குப் புள்ளிகளை மறந்துவிடுங்கள். திறந்த வெளிக்குப் போய், ஒரே விசையை அழுத்திப் பிடித்து முழு வட்டம் போடுங்கள். அந்த வட்டம் எத்தனை கார் நீளம் அகலம் என்று கண்ணால் அளந்துகொள்ளுங்கள். உங்கள் கார் எந்த இடத்தில் திரும்பிவிடும், எங்கே மாட்டிக்கொள்ளும் என்பதை இந்த ஒரு அளவு சொல்லிவிடும். அடுத்து எட்டு வடிவம் போடுங்கள். இடப்பக்கம் திரும்பி முடிப்பதற்கு எவ்வளவு முன்னால் வலப்பக்க விசைக்கு மாற வேண்டும் என்பது விரலுக்கே தெரிந்துவிடும்.

வட்டம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உண்மைச் சாலையில், டயரின் பிடி மாறாமல் இருந்தால், வேகம் இரண்டு மடங்காகும்போது திருப்பத்துக்குத் தேவைப்படும் ஆரம் நான்கு மடங்காகும். இந்த மாதிரிச் சின்ன விளையாட்டுகள் பலவற்றில் கணக்கு இதைவிட எளிது. விநாடிக்கு இத்தனை டிகிரி திரும்பும் என்று காருக்கு ஒரு எண் வைத்திருப்பார்கள். விநாடிக்கு 120 டிகிரி என்றால் 3 விநாடியில் முழு வட்டம். வேகம் கூடினாலும் அதே 3 விநாடிதான், வட்டம் மட்டும் பெரிதாகும். இப்போது உங்களைவிட வேகமான போலீஸ் வண்டியை நினைத்துப் பாருங்கள். அதுவும் அதே அளவுதான் திரும்பும் என்றால் அதன் வட்டம் உங்கள் வட்டத்தைவிடப் பெரியது. நீங்கள் சின்ன வட்டம் போட்டால் அது வெளியே அகன்று போய், சுற்றிக்கொண்டுதான் திரும்பி வர முடியும். நேர்கோட்டில் அதற்கு உதவும் வேகமே திருப்பத்தில் அதற்குத் தடையாகிறது. இதை வரைந்து காட்டியபோது என் மருமகன் ஒரு நிமிடம் பேசவே இல்லை. அடுத்த ஆட்டத்தில் முதல் முறையாக ஒரு நிமிடம் தாண்டினான்.

வட்டத்தில் நிரந்தரமாகத் தங்கிவிட முடியாது. எதிர்ப்பக்கத்திலிருந்து புதிய வண்டிகள் வந்து நேருக்கு நேர் மோதும். இரண்டு சுற்று, அதற்குள் வெளியேறிவிடுங்கள்.

ஆறாவது படி: போலீஸ் எப்படித் துரத்துகிறது என்று படியுங்கள்

பெரும்பாலான விளையாட்டுகளில் போலீஸ் வண்டிக்கு ஒரே ஒரு யோசனைதான்: நீங்கள் இந்த நொடியில் இருக்கும் இடத்தை நோக்கித் திரும்பு. இப்படித் துரத்துபவர் வரையும் பாதையை பியேர் பூகேர் என்ற பிரெஞ்சு அறிஞர் 1732இல் ஆராய்ந்தார். வணிகக் கப்பலைத் துரத்தும் கொள்ளைக் கப்பலை வைத்து அவர் கணக்குப் போட்டார். அந்தப் பாதையின் இயல்பு என்னவென்றால், துரத்துபவர் பக்கவாட்டிலிருந்து தொடங்கினாலும் போகப்போக வளைந்து உங்கள் வாலுக்குப் பின்னால் வந்து சேர்ந்துவிடுவார். துரத்தும் வண்டிகள் எல்லாம் கொஞ்ச நேரத்தில் உங்கள் பின்னால் ஒரே கொத்தாகக் கூடுவது இதனால்தான். அப்படிக் கூடட்டும் என்று விடுங்கள். சிதறிக் கிடக்கும் ஐந்து வண்டிகளைவிடக் கொத்தாக வரும் ஐந்து வண்டிகளைக் கையாள்வது எளிது.

சில விளையாட்டுகளில் போலீஸ் கெட்டிக்காரர். நீங்கள் போகப்போகும் இடத்தைக் கணித்து முன்னாலேயே வந்து குறுக்கிடுவார். இதைக் கண்டுபிடிக்க மூன்று விநாடி நேராக ஓடிப் பாருங்கள். பக்கத்தில் வரும் வண்டி உங்கள் மூக்குக்கு முன்னால் உள்ள வெற்றிடத்தை நோக்கிப் போனால் அது கணிக்கும் வகை. அதை ஏமாற்றுவது இன்னும் சுலபம். ஒரு பக்கம் திரும்பத் தொடங்கி, அது குறுக்கே வந்ததும் எதிர்ப்பக்கம் திரும்புங்கள். அதன் கணிப்பு பழைய பாதையிலேயே நின்றுவிடும்.

ஏழாவது படி: மோத வைக்கும் திருப்பங்கள்

எங்களுக்கு அதிகம் உதவியது தாமதத் திருப்பம். பின்னால் வரும் கொத்தைப் பார்த்ததும் திரும்பிவிடத் தோன்றும். பொறுங்கள். முதல் வண்டி ஒரு கார் நீளத்துக்குள் வரும்வரை நேராகப் போங்கள், அப்புறம் ஒரு பக்கம் அழுத்திப் பிடியுங்கள். முதல் வண்டி திரும்ப முயலும், பின்னால் வருபவை அதன் விலாவில் இடிக்கும். சீக்கிரம் திரும்பினால் அவற்றுக்கும் திரும்ப நேரம் கிடைத்துவிடும், எதுவும் மோதாது. இந்தப் பொறுமை கைக்கு வர எனக்கு ஒரு வாரம் ஆனது.

மரத்தை ஒட்டிப் போவது அடுத்தது. மரத்துக்கும் உங்களுக்கும் அரை கார் அகலம் விட்டுக் கடந்து, கடந்த உடனே மரம் இருக்கும் பக்கமாகத் திரும்புங்கள். உங்களை நோக்கியே வரும் போலீஸ், குறுக்குக் கோட்டில் வந்து மரத்தில் மோதும். ஒரு மரத்துக்கு ஒரு முறைதான். மோதிய வண்டி அங்கேயே கிடக்கும் விளையாட்டென்றால் அந்த இடம் இப்போது உங்களுக்கும் ஆபத்து.

இரண்டு கொத்துகள் இரண்டு பக்கத்திலிருந்து வந்தால் பயப்படாதீர்கள், இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. இரண்டுக்கும் நடுவில் நேராகப் போய், கடைசி நொடியில் குறுக்கே விலகுங்கள். அவை ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும்.

கண் எங்கே இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காரின் மேலும் வேண்டாம், போலீஸின் மேலும் வேண்டாம். காருக்கு முன்னால் திரையின் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் வையுங்கள். பின்னால் வருவது ஓரக்கண்ணில் தெரியும், அது போதும்.

எட்டாவது படி: நகரம், மணல், பனி, ஏறும் நட்சத்திரங்கள்

நம் ஊர்க்காரர்களுக்கு நகரப் பகுதியில் ஒரு தனிச் சிக்கல். தென்னாப்பிரிக்காவில் நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். இந்த விளையாட்டுகள் பலவற்றில் சாலை அமெரிக்கா மாதிரி, போக்குவரத்து வலப்பக்கம் போகும். அவசரத்தில் நம் கை தானாகவே இடப்பக்கம் ஒதுங்கும், அங்கேதான் எதிரே ஒரு பக்கி (பிக்கப் வண்டி) வரும். நகரத்துக்குள் நுழைந்ததும் எதிர் வண்டிகள் எந்தப் பக்கம் வருகின்றன என்று முதலில் பாருங்கள். ரோபோட்டில், அதாவது சிக்னலில், எந்த விளக்கு எரிந்தாலும் குறுக்கு வண்டி வரும் என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

பனியிலும் மணலிலும் சறுக்கல் இருந்தால் காரின் மூக்கு திரும்பிய பின்னும் உடல் பழைய திசையிலேயே போகும். அரை விநாடி முன்பே திருப்பத்தைத் தொடங்கி, சீக்கிரமே விசையை விடுங்கள்.

நேரம் போகப்போக, துரத்தல் எவ்வளவு கடுமை என்று காட்டும் நட்சத்திரம் ஏறும், கனமான வண்டிகள் வரும், சிலவற்றில் ஹெலிகாப்டரும் வரும். கனமான வண்டி இடித்தால் தூக்கி எறியும், ஆனால் அதற்குத் திரும்ப இடம் அதிகம் வேண்டும். தாமதத் திருப்பம் அதனிடம் இன்னும் நன்றாகப் பலிக்கும். அப்படி ஒரு வண்டி உருவாகி வரும்போதே கட்டடங்கள் இல்லாத பக்கம் போய்விடுங்கள்.

ஒன்பதாவது படி: பணமும் புது வண்டியும்

கிடக்கும் பணத்தை எடுக்க ஒரு விதி வைத்தோம். நம் வளைவின் பாதையிலேயே இருந்தால் எடு, இரண்டு முறை திரும்பினால்தான் கிடைக்கும் என்றால் விடு. வண்டியை மேம்படுத்தும் வசதி இருந்தால் முதலில் திரும்பும் திறனுக்குச் செலவழியுங்கள். அதிக வேகம் பார்க்க ஆசையாக இருக்கும், ஆனால் அது உங்கள் வட்டத்தைப் பெரிதாக்கும். உண்மையான பணம் (நம் ராண்ட்) கேட்கும் பெட்டிகளைத் தொடாதீர்கள். இந்த விளையாட்டில் நீண்ட நேரம் நிற்க அவை தேவையே இல்லை.

நீங்கள் சேர்த்த வண்டிகளும் அதிகபட்சப் புள்ளியும் பெரும்பாலும் அந்த பிரவுசருக்குள்தான் சேமிக்கப்படும். மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிடோ) ஆடினால், மூடியதும் எல்லாம் போய்விடும். பிரவுசர் தரவை அழித்தாலும் அப்படித்தான். என் மருமகன் இரண்டு வாரம் சேர்த்ததை நான் கணினியைச் சுத்தம் செய்கிறேன் என்று அழித்துவிட்டேன். அவன் முகம் வாடியதை இன்னும் மறக்கவில்லை.

பிள்ளைகளோடு ஆடும்போது

நம் சாலைகளில் போலீஸ் துரத்தல் என்பது பிள்ளைகள் நிஜமாகவே கேள்விப்படும் விஷயம். அதனால் ஒரு நாள் சாயங்காலம் இதையும் பேசினோம். பின்னால் நீல விளக்கு தெரிந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும், ஓடக் கூடாது. இருட்டான இடத்தில் அது நிஜப் போலீஸ்தானா என்ற சந்தேகம் வந்தால், அவசர விளக்கைப் போட்டு, பின்னால் வரும்படி கையால் சைகை காட்டி, மெதுவாகப் பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கோ வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடத்துக்கோ போகலாம் என்றுதான் இங்கே சாலைப் பாதுகாப்பு அறிவுரைகள் சொல்கின்றன. "அப்போ கேம்ல ஓடறது?" என்று கேட்டான். அங்கே வண்டிக்குள் யாரும் இல்லை, தெருவிலும் யாரும் இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினான்.

இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து மணிக்கட்டை உதறிவிடுங்கள். களைத்த விரல் அழுத்திப் பிடிக்க ஆரம்பிக்கும், ஆட்டங்கள் வரிசையாகச் சீக்கிரம் முடிவதிலேயே அது தெரியும்.

பத்தாவது படி: நோட்டு

ஒரு பழைய பள்ளி நோட்டு போதும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி: எத்தனை விநாடி, எதனால் முடிந்தது. காரணத்தை ஒரே சொல்லில் எழுதுங்கள்: மரம், சுவர், பின் போலீஸ், எதிர் போலீஸ், பணம், சொந்தத் திருப்பம். இருபது வரி சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். மரம் அதிகம் என்றால் கண்ணை முன்னால் வைக்கும் பழக்கத்துக்கு அடுத்த நாளை ஒதுக்குங்கள். பின் போலீஸ் அதிகம் என்றால் திருப்பம் மிகவும் தாமதமாகிறது, எதிர் போலீஸ் என்றால் வட்டத்தில் கூடுதல் சுற்று போடுகிறீர்கள். பணம் என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும், அதையும் எழுதுங்கள்.

எங்கள் நோட்டின் கடைசி வரி ஜனவரியில் அவன் ஊருக்குக் கிளம்பிய காலையில் எழுதியது. 4 நிமிடம் 12 விநாடி, எதிர் போலீஸ். நோட்டைப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.